பாரிஸின் நான்கு நட்சத்திரங்களும் செராஸ் அரங்கின் கணக்கும்

2021ஆம் ஆண்டு கோடையில் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் காற்பந்துக் குழு, ஒப்பந்தம் முடிந்த நான்கு பெரிய ஆட்டக்காரர்களை அடுத்தடுத்துச் சேர்த்துக்கொண்டது. லிவர்பூலிலிருந்து வைனால்டம், ரியால் மாட்ரிட்டிலிருந்து செர்ஜியோ ராமோஸ், ஏசி மிலானிலிருந்து டோன்னாரும்மா, ஆகஸ்டில் பார்சிலோனாவிலிருந்து மெஸ்ஸி. பழைய குழுக்களுக்கு ஒரு காசு மாற்றுக் கட்டணம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் சம்பளமோ உலகத்தின் உச்சியில் இருந்தது. அந்தக் கோடை பலன் தந்ததா, வீணா என்ற வாதம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கத்து மாமாக் கடைகளில் இன்னும் ஓயவில்லை. ஐரோப்பாவின் சிறந்த குழுக்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் விடியற்காலை மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ தொடங்கும் ஊர் இது. ஆட்டத்துக்கு முன்னால் பேசுவதற்கு நேரம் நிறைய இருக்கிறது.

ஒரு தரப்பு சொல்வது இது: மெஸ்ஸி கட்டணமில்லாமல் கிடைக்கும்போது எந்தக் குழு கைவிடும்? இரண்டு ஆண்டும் பிரெஞ்சு லீக்கை வென்றார்கள், உலகமே பாரிஸைத் திரும்பிப் பார்த்தது, வேறென்ன வேண்டும்? மறுதரப்பு உடனே மறுக்கும்: லீக் கிண்ணங்கள் அவர்களிடம் ஏற்கெனவே குவிந்து கிடந்தன. சாம்பியன்ஸ் லீக்குக்காகத்தான் இந்த நால்வரையும் எடுத்தார்கள். இரண்டு ஆண்டும் கடைசி 16 குழுக்களின் சுற்றிலேயே வெளியேறினார்கள். ஆகவே முழு நஷ்டம்.

நான் இரண்டாம் தரப்பின் பக்கம் சாய்பவன். ஆனாலும் நால்வரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதை ஏற்க மாட்டேன். அவர்களில் ஒருவர் அந்தக் குழு செய்த மிகச் சிறந்த முதலீடுகளில் ஒன்றாக முடிந்தார். இன்னொருவரால் ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை. ஒரே கோடையில், ஒரே வழியில் வந்தவர்கள் இவ்வளவு வேறுபட்டுப் போனார்கள் என்றால், குறையை அந்த வழியின் மீது போட முடியாது. யாரை, எந்த இடத்துக்கு, எந்தப் பருவத்தில் எடுத்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் மலேசியக் குழுக்கள் ஆண்டுதோறும் இதே முடிவை எடுக்கின்றன. அதனால் இதைப் பிரித்துப் பார்ப்பது நமக்கும் அவசியம்.

முதலில் பணம். 1995 டிசம்பர் 15ஆம் தேதி, பெல்ஜிய ஆட்டக்காரர் ஜான்-மார்க் போஸ்மன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன் ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய குழு கட்டணம் கேட்டு ஆட்டக்காரரைக் கட்டிவைக்க முடிந்தது. தீர்ப்புக்குப் பின் ஒப்பந்தம் முடிந்தவர் தம் விருப்பப்படி போகலாம். அதனால் பணம் மறைந்துவிடவில்லை, திசைதான் மாறியது. பழைய குழுவுக்குப் போக வேண்டிய தொகை கையெழுத்துப் போனஸாகவும், கூடுதல் சம்பளமாகவும், முகவரின் கமிஷனாகவும் போகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒரு வேறுபாடு உண்டு. 60 மில்லியன் கொடுத்து 22 வயது ஆட்டக்காரரை வாங்கினால், அந்தத் தொகையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பகிர்ந்து கணக்கெழுதலாம். நான்கு ஆண்டு ஆடவைத்த பிறகு விற்கவும் செய்யலாம். 34 வயதுக்காரருக்குக் கொடுக்கும் சம்பளம் கொடுத்த அன்றே தீர்ந்தது, திரும்பி வராது. இப்போது ஐரோப்பியக் காற்பந்துச் சங்கம் ஆட்டக்காரர், பயிற்றுநர் சம்பளம், மாற்றுக் கட்டணம், முகவர் செலவு எல்லாவற்றையும் சேர்த்து வருமானத்தில் 70 விழுக்காட்டுக்குள் நிறுத்தச் சொல்கிறது. கட்டணமில்லாமல் வந்தவரின் பெரிய சம்பளமும் அந்த வரம்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இனி நால்வர். வைனால்டத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பார்சிலோனாவுக்குப் போவார் என்று எல்லாரும் எண்ணிய வேளையில் பாரிஸ் கூடுதலாகக் கொடுத்து இழுத்துக்கொண்டது. மத்தியத் திடலில் வெராட்டி, பரெடெஸ், கேய், எர்ரேரா என்று ஆட்கள் நிறைந்திருந்த குழுவில் அவருக்கென்று ஒரு வேலை இல்லை. ஒரே பருவத்துக்குப் பிறகு ரோமாவுக்கு இரவலாகப் போனார், அங்கே போன மாதமே கால் எலும்பு முறிந்தது.

ராமோஸ் 35 வயதில், காயத்தோடு வந்தார். ஜூலையில் கையெழுத்திட்டவர் நவம்பர் இறுதிவரை ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. இரண்டாம் பருவத்தில் தொடர்ந்து ஆடினார், நன்றாகவே ஆடினார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் நடுத் தற்காப்பில் மார்க்கினோஸும் கிம்பெம்பேயும் இருந்த குழுவுக்கு முதல் தேவை அவரல்ல. மாட்ரிட்டில் நான்கு சாம்பியன்ஸ் லீக் வென்றவர், அந்த வெற்றி மனத்தை உடன் கொண்டுவருவார் என்று நம்பினார்கள். 2022 மார்ச்சில் அதே மாட்ரிட்டை அதன் பெர்னபாவ் அரங்கில் சந்தித்தபோது, அந்த மனம் மிகத் தேவைப்பட்ட இரவில் அவர் திடலில் இல்லை.

அந்த இரவை மெஸ்ஸி தரப்பும் எதிர்த்தரப்பும் மறக்க முடியாது. முதல் ஆட்டத்தில் எம்பாப்பே கோலால் பாரிஸ் 1-0. அதே ஆட்டத்தில் மெஸ்ஸி அடித்த பினால்டியை மாட்ரிட் கோல் காவலர் குர்துவா தடுத்திருந்தார். இரண்டாம் ஆட்டத்திலும் எம்பாப்பே முதலில் கோலடித்தார். பிறகு மாட்ரிட்டின் பென்ஸிமா மூன்று கோல்கள் போட்டு எல்லாவற்றையும் முடித்தார். அடுத்த ஆண்டு பாயர்ன் மியூனிக்கிடம் 0-1, 0-2.

மெஸ்ஸி ஆடவில்லை என்று சொல்வது அநியாயம். 75 ஆட்டங்களில் 32 கோல்கள். முதல் பருவத்தில் லீக்கில் 6 கோல்கள்தான் என்றாலும், இரண்டாம் பருவத்தில் 16. அதே பருவத்தின் நடுவில் உலகக் கிண்ணத்தையும் ஏந்தினார். எனவே ஆள் தேய்ந்துவிட்டார் என்ற விளக்கம் நிற்காது. குழுவின் அமைப்பில்தான் பிரச்சினை. நெய்மார், எம்பாப்பே ஏற்கெனவே முன்வரிசையில் இருந்தார்கள். மூன்றாவதாக மெஸ்ஸியும் சேர்ந்தபோது, பந்து எதிரியிடம் போனதும் துரத்திப் பறிக்கும் வேலையை மீதி ஏழு பேர் சுமந்தார்கள். சாம்பியன்ஸ் லீக்கின் பெரிய ஆட்டங்களில் அந்தச் சுமையை ஏழு பேரால் தாங்க முடியாது. மெஸ்ஸிக்கு ஆண்டுக்கு 30 மில்லியன் யூரோவுக்கு மேல் சம்பளம் என்று அப்போது ஏடுகள் எழுதின. ஜெர்சி விற்றே அதை எடுத்துவிட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஜெர்சி விற்பனையின் பெரும்பங்கு தயாரிப்பு நிறுவனத்துக்குத்தான் போகும். குழுவுக்குக் கிடைப்பது ஒரு சிறு பங்கு. விளம்பர ஆதரவாளர்கள் கூடினார்கள் என்பது உண்மை. அதற்காக எடுத்தோம் என்று குழு சொல்லியிருந்தால் நான் வாதாட வரமாட்டேன். அது சொன்னது வேறு கிண்ணத்தைப் பற்றி.

கோல் காவலர் டோன்னாரும்மாவிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். நால்வரில் மிகவும் தவறாகப் பேசப்பட்டவர் இவர்தான். வந்தபோது வயது 22, கையில் நாடுகளுக்கான ஐரோப்பியக் கிண்ணமும் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதும். ஆனால் பாரிஸில் கைலோர் நவாஸ் இருந்தார், 2020இல் குழுவைச் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம்வரை கொண்டுசென்றவர். இருவரையும் மாற்றி மாற்றி ஆடவைத்தார்கள். எந்தக் கோல் காவலரும் அப்படி ஆடி உறுதி பெற மாட்டார். பெர்னபாவில் பென்ஸிமாவின் முதல் கோல் டோன்னாரும்மாவின் காலிலிருந்து பிறந்த தவறு. அன்றிரவு இங்கே கடைகளிலும் எல்லாருடைய கோபமும் அவர் மீதே விழுந்தது. அப்போது கணக்கை மூடியிருந்தால் நால்வரும் தோல்வி என்றே எழுதியிருப்போம்.

ஆனால் நவாஸுக்கு வயது 34-ஐத் தாண்டிவிட்டது. அந்த இடம் எப்படியும் காலியாகப்போகிறது, அடுத்த பத்தாண்டுக்கு ஆள் வேண்டும். நால்வரில் உண்மையான ஓர் இடத்துக்கு வந்தவர் டோன்னாரும்மா ஒருவர்தான். நவாஸ் போனார், மெஸ்ஸி போனார், நெய்மார் போனார், கடைசியில் எம்பாப்பேயும் போனார். 2025 மார்ச்சில் ஆன்ஃபீல்டில் ஆட்டம் பினால்டிக்குப் போனபோது நூனியஸ், கர்டிஸ் ஜோன்ஸ் இருவரின் அடியையும் தடுத்து, அந்தப் பருவத்தின் மிகப் பலமான குழுக்களில் ஒன்றான லிவர்பூலை வெளியேற்றினார். காலிறுதியில் ஆஸ்டன் வில்லா, அரையிறுதியில் ஆர்சனல் என்று ஒவ்வொரு சுற்றிலும் அவர் கை இருந்தது. மியூனிக் இறுதியாட்டத்தில் இந்தர் மிலானை 5-0 என வென்று, பாரிஸ் தன் முதல் சாம்பியன்ஸ் லீக்கைத் தூக்கியது. கோலாலம்பூரில் அப்போது ஜூன் முதல் தேதி விடியற்காலை.

அதன்பின் நடந்தது இந்த வியாபாரத்தின் இயல்பை நன்றாகக் காட்டுகிறது. டோன்னாரும்மாவின் ஒப்பந்தத்தில் ஓராண்டுதான் மீதி. புதுப்பிக்க உடன்பாடு வரவில்லை. மறு ஆண்டு கட்டணமில்லாமல் போய்விடுவார் என்ற நிலையில், பாரிஸ் அவரை மன்செஸ்டர் சிட்டிக்கு விற்றது, சுமார் 30 மில்லியன் யூரோவுக்கு என்று செய்தி. மாற்றுக் கட்டணமின்றி வந்து, கிண்ணம் வென்று, பணமும் கொடுத்துவிட்டுப் போன ஆட்டக்காரர்! மறுபுறம் அவரை இழந்த மிலான் அழுதுகொண்டு உட்காரவில்லை. லீலிலிருந்து மேன்யானைக் குறைந்த விலைக்கு வாங்கியது, மறு ஆண்டே 11 ஆண்டுகளுக்குப் பின் இத்தாலிய லீக்கை வென்றது.

அதே 2021 கோடையில் பாரிஸ் செய்த இன்னொரு காரியம் இந்த வாதத்தில் அடிக்கடி மறந்துபோகிறது. வலப்புறத் தற்காப்புக்கு இந்தரிடமிருந்து ஹக்கிமியை, சுமார் 60 மில்லியன் யூரோ கொடுத்து வாங்கியது. அன்று நம் ஊர் ரசிகர்கள் சிலர் விலை அதிகம் என்று சொன்னார்கள். அவருக்கும் வயது 22தான். 2025 இறுதியாட்டத்தின் முதல் கோல் அவருடையது. அந்தக் கோடையின் மிக மலிவான ஆட்டக்காரர் யார் என்று என்னைக் கேட்டால், விலை கொடுத்து வாங்கிய ஹக்கிமி என்றே சொல்வேன்.

இளம் வயது என்றால் பலன், முதிர்ந்த வயது என்றால் வீண் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. பிர்லோ அதைத் தகர்க்கிறார். 2011இல் 32 வயதில், மிலான் போதும் என்று விட்டவரை ஜுவெந்துஸ் சேர்த்துக்கொண்டது. அதற்கு முந்திய இரண்டு பருவங்களிலும் ஏழாம் இடத்தில் முடித்த குழு அது. மத்தியத் திடலில் பந்தைப் பகிர்ந்து ஆட்டத்தை நடத்த ஆளில்லை. பயிற்றுநர் கோண்டே அவரைச் சுற்றியே குழுவைக் கட்டினார், பக்கத்தில் ஓடுவதற்கு மற்றவர்கள் இருந்தார்கள். நான்கு பருவங்கள், நான்கு லீக் கிண்ணங்கள். இடம் காலியாக இருந்தது, அவருக்காக மற்றவர்கள் மாறத் தயாராகவும் இருந்தார்கள். மெஸ்ஸிக்கு இந்த இரண்டும் பாரிஸில் கிடைக்கவில்லை.

அதே ஜுவெந்துஸ், போக்பா என்ற ஒரே ஆளை வைத்து இரு பாடங்களையும் கற்றது. 2012இல் மன்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து பத்தொன்பது வயதுப் பையனாக, ஒப்பந்தம் முடிந்து வந்தார். நான்கு ஆண்டுக்குப் பின் அதே யுனைடெட்டுக்கு 105 மில்லியன் யூரோவுக்குத் திரும்ப விற்றார்கள், அன்றைய உலகச் சாதனை. 2022இல் மறுபடி ஒப்பந்தம் முடிந்து வந்தார். இம்முறை முழங்கால் காயம், பிறகு ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கல், தடை, 2024இல் ஒப்பந்தம் ரத்து. முதல் முறை அவர்கள் எதிர்காலத்தை எடுத்தார்கள். இரண்டாம் முறை ஒரு நினைவைத்தான் எடுத்தார்கள்.

நம் ஊரில் அதிகம் பேசப்படும் யுனைடெட், லிவர்பூல் இரண்டையும் ஒப்பிட்டாலும் இதுவே தெரிகிறது. 2016இல் இப்ராகிமோவிச் வந்தார். ஒரு பருவத்தில் 28 கோல்கள், இங்கிலாந்து லீக் கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்தில் இரண்டு கோல்கள், பிறகு முழங்கால். அந்த ஓராண்டு மகிழ்ச்சியை யுனைடெட் ரசிகர்களிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. ஆனால் அதே காலத்தில் லிவர்பூல் 2015இல் மில்னரையும், 2016இல் மாத்திப்பையும் சத்தமில்லாமல் சேர்த்தது. மாத்திப்பின் பெயரைப் போட்டு ஜெர்சி வாங்கியவரை நான் செந்தூலில் பார்த்ததில்லை. 2019 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஒரிகியின் கோலுக்குப் பந்து கொடுத்தவர் அவர்தான். மில்னர் எட்டு ஆண்டுகள் எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடினார். எனக்கு யுனைடெட் பிடிக்கும். ஆனாலும் இந்தக் கணக்கில் லிவர்பூல்தான் வென்றது.

ரியால் மாட்ரிட்டைப் பார்த்தும் கற்கலாம். ராமோஸ் போன இடத்துக்கு 2021இல் அலாபா, மறு ஆண்டு ரூடிகர், இருவரும் ஒப்பந்தம் முடிந்தவர்கள், இருவரும் முப்பதுக்குள். இருவரோடும் சாம்பியன்ஸ் லீக் வந்தது. அலாபா பிறகு முழங்கால் காயத்தால் ஓராண்டுக்கு மேல் இழந்தார், இந்த வழியின் ஆபத்து அதுதான். பாரிஸில் ஒப்பந்தம் முடிந்து மாட்ரிட்டுக்கு வந்த எம்பாப்பேயின் கதை இன்னும் முடியவில்லை. முதல் பருவத்திலேயே 44 கோல்கள் அடித்தார், ஆனால் மாட்ரிட் லீக்கையும் இழந்தது, ஆர்சனலிடம் வெளியேறவும் செய்தது. இடப்புறத்தில் வினிசியஸ் ஏற்கெனவே இருக்கிறார். பாரிஸ் செய்த தவற்றின் சாயல் அங்கே தெரிகிறது.

இனி நம் வீட்டுக் கணக்கு. 2013இல் ஜொகூர் டாருல் தாக்சிம் பாப்லோ ஐமாரைக் கொண்டுவந்தபோது நாடே பரபரத்தது. மெஸ்ஸி சிறுவயதில் கொண்டாடிய ஆட்டக்காரர், பென்ஃபிகாவில் ஒப்பந்தம் முடித்து நம் லீக்குக்கு வருகிறார். வந்தார், காயம் விடவில்லை, சில ஆட்டங்களுக்குப் பிறகு 2014இல் விலகினார். அந்த ஆண்டே ஜொகூர் மலேசிய சூப்பர் லீக்கை வென்றது, கோலடித்தவர்களில் முன்னின்றவர் ஐமாரின் நாட்டுக்காரரான ஃபிகரோவா. 2015இல் ஆசியச் சம்மேளனக் கிண்ணமும் வந்தது. ஐமார் வந்ததால்தான் ஜொகூருக்கு உலகப் பார்வை வந்தது, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள் என்று வாதாடும் அண்ணன்மார் எனக்கு உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் செலவைத் தாங்கும் பணமும் பொறுமையும் ஜொகூரின் பின்னால் இருந்தன. தவறான ஓர் ஆளை எடுத்துவிட்டு அதே ஆண்டு இன்னோர் ஆளை எடுக்க அதனால் முடிந்தது. கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை.

கோலாலம்பூர் சிட்டி 2021 மலேசியக் கிண்ணத்தை எப்படி வென்றது என்பதை நினைத்துப் பார்க்கலாம். புக்கிட் ஜாலிலில் ஜொகூரை 2-0 என வென்ற இரவில் கோலடித்தவர்கள் உள்ளூர் ஆட்டக்காரர் ஜாஃப்ரி யஹ்யாவும், பிரேசிலிலிருந்து வந்து 2017 முதல் இங்கேயே ஆடிக்கொண்டிருந்த பவுலோ ஜொசுவேயும். ஜொசுவே வந்தபோது மாமாக் கடையில் யாரும் எழுந்து நிற்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு இந்த ஊரிலேயே ஆடி, பின்னர் 2023இல் மலேசிய ஜெர்சியும் அணிந்தார். மலேசியக் கிண்ணம் வென்ற மறு ஆண்டு, 2022இல், அதே குழு ஆசியச் சம்மேளனக் கிண்ண இறுதிவரை போனது. செராஸ் அரங்கில் அவர் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு, நம் லீக்குக்கு ஏற்ற ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

வெளியாள் வேண்டவே வேண்டாம், உள்ளூர்ப் பையன்கள் போதும் என்பவர்களும் உண்டு. அந்த விருப்பம் எனக்கும் நெஞ்சில் உண்டு, குறிப்பாக நம் இளைஞர்களுக்காக. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா குழுவிலிருந்து வளர்ந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி, 2021, 2022 பருவங்களில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் சூப்பர் லீக்கில் ஆடியது. நம் இனத்தவர் பெருமைப்பட வேண்டிய துணிச்சல் அது. ஆனால் 2022 முடிவில் அந்தக் குழு லீக்கிலிருந்தே விலகியது. 2025இல் பேராக்கும் கெடாவும் பணச் சிக்கலில் சூப்பர் லீக்கை விட்டுப் போயின. அவை எத்தனையோ ஆட்டக்காரர்களைத் தந்த மாநிலங்கள். ஆகவே செலவே செய்யாதே என்பதும் விடையல்ல, பெயருக்குச் செலவு செய் என்பதும் விடையல்ல.

கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் நான் சொல்வது இது. முதலில் உள்ளூர் ஆட்டக்காரர்களின் முழுப் பருவச் சம்பளத்தையும் ஒதுக்கி வைக்க வேண்டும். சம்பளப் பாக்கி வழக்கு ஃபிஃபாவரை போனால் புதிய ஆட்களைப் பதிவு செய்யவே தடை வரும், பிறகு எந்த நட்சத்திரத்தைப் பற்றியும் பேசிப் பயனில்லை. மீதிப் பணத்தில் ஒப்பந்தம் முடிந்த வெளிநாட்டவரைத் தேடும்போது, 25க்கும் 29க்கும் இடைப்பட்ட நடுத் தற்காப்பு ஆட்டக்காரரோ கோல் காவலரோ முதலில் வரட்டும். 2021 கிண்ணத்தில் கோலாலம்பூரின் கம்பத்தைக் காத்த கெவின் மெண்டோசா பிலிப்பீன்ஸ் நாட்டு ஆட்டக்காரர். ஐரோப்பாவில் பெயர் பெற்றவரல்ல. ஓராண்டு ஒப்பந்தத்தை விட இரண்டாண்டு நல்லது. ஓராண்டு ஆள் நன்றாக ஆடினால் பருவம் முடிந்ததும் கட்டணமில்லாமல் ஜொகூருக்கோ தாய்லாந்துக்கோ போய்விடுவார், குழுவின் கையில் ஒன்றும் மிஞ்சாது. சம்பளத்தில் ஒரு பகுதியை ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையோடு இணைக்கவும் வேண்டும். காயத்தோடு வருபவர் அதற்கு ஒப்பமாட்டார், அந்த மறுப்பே மருத்துவ அறிக்கையைவிட முன்னதாகச் செய்தி சொல்லும்.

முதிர்ந்த பெரிய பெயர் ஒன்று உண்மையிலேயே கிடைத்தால்? பினாங்கு சிட்டி அரங்கில் அவருக்காகக் கூட்டம் கூடும், நானும் டிக்கெட் வாங்குவேன். ஆனால் கையெழுத்துக்கு முன் பயிற்றுநரை உட்காரவைத்து, அவர் எந்த இடத்தில் ஆடுவார், அவருக்காக ஓடப்போவது யார் என்று கேட்க வேண்டும். பயிற்றுநர் இரண்டு பெயர்களை உடனே சொன்னால் எடுக்கலாம். தயங்கினால் அந்தப் பணத்தில் ஒரு நடுத் தற்காப்பு ஆட்டக்காரரை எடுத்துவிட்டு, மீதியை 21 வயதுக்குட்பட்டோர் குழுவுக்குக் கொடுத்துவிடலாம்.